கணக்கு நோட்டோடு ஆறு நாள்: சிட்டிலிங்கியும் கொல்லிமலையும்

முதல் நாள்: ஈரோட்டில் இருந்து அரூர் வழியாக

ஈரோடு பஸ் ஸ்டாண்டில் காலை ஆறு மணிக்கு டீயைக் கையில் வாங்கியதும் அம்மாவின் போன். "மலையச் சுத்திப் பாக்கப் போறியா, இல்ல வேல ஏதாச்சுமா?" இரண்டும்தான் என்றேன். "ஸ்வெட்டர் எடுத்துக்கிட்டியா?" எடுக்கவில்லை. எடுத்துக்கொண்டேன் என்று சொல்லிவிட்டேன்.

நான் ஒரு ஆடிட்டர் ஆபீஸில் பதினோரு வருஷமாகக் கணக்கு எழுதுகிறேன். போன மாதம் தெரிந்த அண்ணன் ஒருவர் கேட்டார்: மலைக் கிராமங்களில் உற்பத்தியாளர் குழுக்கள் இருக்கின்றன, மாதம் இரண்டு நாள் வந்து கணக்கை ஒழுங்குபடுத்திக் கொடுப்பாயா, பெரிதாகச் சம்பளம் எதிர்பார்க்காதே. உடனே சரி சொல்ல வாய் வரவில்லை. காரணம், எங்கள் ஊரில் பூட்டிக் கிடக்கும் பன்னிரண்டு தையல் மெஷின்.

அந்தக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2016-ல் வெளிநாட்டில் இருக்கும் எங்கள் ஊர்க்காரர்கள் சிலர் சேர்ந்து, ஊர்ப் பெண்களுக்கு ஏதாவது செய்யலாம் என்று பணம் அனுப்பினார்கள். படித்த பெண் என்று பொறுப்பை என் தலையில் கட்டினார்கள். ஷெட் போட்டோம், மெஷின் வாங்கினோம், குத்துவிளக்கு ஏற்றினோம், போட்டோ எடுத்து அனுப்பினோம். திருப்பூர் பக்கம் இருந்து வெட்டிய துணி வரும், தைத்து அனுப்ப வேண்டும். பத்து மாதம் ஓடியது. துணி கொடுத்தவர் ஒருநாள் போனை எடுப்பதை நிறுத்தினார். அப்புறம் ஷெட்டைப் பூட்டி, சாவியை என் கைப்பையில் போட்டேன். இன்னும் அதே பையில்தான் இருக்கிறது.

அதனால் வேலையை ஒத்துக்கொள்வதற்கு முன்னால், நின்று காட்டிய இடங்களை ஒருமுறை கண்ணால் பார்த்துவிடலாம் என்று கிளம்பினேன். முதலில் தருமபுரி மாவட்டத்தின் சிட்டிலிங்கி, அப்புறம் கொல்லிமலை.

சேலத்தில் மாறி அரூர். அரூரில் இருந்து கோட்டப்பட்டி வழியாகப் போகும் பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்கு ஒரு அக்கா, மடியில் மஞ்சள் பை. பைக்குள் ரேஷன் கார்டு, மாத்திரை, குழுவின் தீர்மான நோட்டு. "எங்க குழு ஆரம்பிச்சு இருவத்திமூணு வருசம் ஆச்சு" என்றார். இடையில் உடையவே இல்லையா என்று கேட்டேன். "ரெண்டு தடவ உடைஞ்சுது. உடைஞ்சா என்ன, மறுபடி உக்காந்து பேசுனோம்."

தமிழ்நாட்டில் மகளிர் சுய உதவிக் குழு என்ற பேச்சே இந்த மாவட்டத்தில்தான் தொடங்கியது. 1989-ல், பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு, மகளிர் மேம்பாட்டு நிறுவனம் முதல் குழுக்களை அன்றைய தருமபுரி மாவட்டத்தில் அமைத்தது. கிருஷ்ணகிரி அப்போது பிரியவில்லை. கிராம வளர்ச்சிக்கான தேசிய வங்கியான நபார்டு, குழுக்களையும் வங்கிகளையும் இணைக்கும் சோதனையை 500 குழுக்களோடு ஆரம்பித்தது 1992-ல்தான். அதாவது வங்கிக்காரர்கள் நம்புவதற்கு முன்பே இங்கே பெண்கள் தகரப் பெட்டியில் பணம் போட்டுச் சாவியை ஒருத்தியிடமும் பெட்டியை இன்னொருத்தியிடமும் கொடுத்து வைத்திருந்தார்கள். பெட்டி ஒருத்தியிடம், சாவி ஒருத்தியிடம். எந்த ஆடிட்டரும் இதைவிட நல்ல ஏற்பாடு சொல்லித் தர முடியாது.

கோட்டப்பட்டி தாண்டியதும் ஒரு பக்கம் கல்வராயன், மறுபக்கம் சித்தேரி மலை, நடுவில் பள்ளத்தாக்கு. மாசி மாதம் என்பதால் புளியமரத்தடிகளில் எல்லாம் பெண்கள் புளி உடைத்துக்கொண்டிருக்கிறார்கள். ராத்திரி தங்கிய வீட்டில் ராகிக் களியும் மொச்சைக்கொட்டைக் குழம்பும். களியை மெல்லாமல் விழுங்க வேண்டும் என்று அந்த வீட்டுப் பிள்ளை எனக்குப் பாடம் எடுத்தான். குளிர்கிறது. ஸ்வெட்டர் இல்லை.

இரண்டாம் நாள்: சிட்டிலிங்கி, மஞ்சள் களம்

இங்கே பெரும்பாலானவர்கள் மலையாளிப் பழங்குடியினர். கேரளத்துக்கும் இவர்களுக்கும் சம்பந்தம் இல்லை. மலையை ஆள்கிறவர்கள் என்ற பொருளில் மலையாளி. பேசுவது தமிழ். முன்னோர்கள் காஞ்சிபுரத்தில் இருந்து வந்த அண்ணன் தம்பிகள், ஆளுக்கொரு மலையாகப் பிரிந்து போனார்கள் என்று சொல்கிறார்கள். கொல்லிமலைக்காரர்களும் இதே கதையைத்தான் சொல்வார்கள், ஆக நான் ஒரே குடும்பத்தின் இரண்டு வீட்டுக்குப் போகிறேன் என்று வைத்துக்கொள்ளலாம்.

காலையில் ஆஸ்பத்திரி இருக்கும் பக்கம் போனேன். தொழிலைப் பார்க்க வந்தவள் ஆஸ்பத்திரியில் ஏன் ஆரம்பிக்க வேண்டும் என்றால், இந்த ஊரின் தொழில் எல்லாம் அங்கிருந்துதான் முளைத்தது. மருத்துவர்கள் ரெஜி ஜார்ஜும் லலிதாவும் காந்திகிராமத்தில் வேலை பார்த்துவிட்டு இந்தப் பள்ளத்தாக்குக்கு வந்து 1993-ல் ஒரு கூரைக் குடிசையில் வைத்தியம் பார்க்கத் தொடங்கினார்கள். அப்போது இங்கே பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 147 குழந்தைகள் ஒரு வயது தாண்டவில்லை. ஊர்ப் பெண்களையே பழக்கி சுகாதாரப் பணியாளர்கள் ஆக்கினார்கள். பழங்குடியினர் நல முயற்சி என்ற அந்த அமைப்பின் ஆஸ்பத்திரி இன்று நல்ல கட்டடத்தில் இயங்குகிறது. வராந்தாவில் உட்கார்ந்திருந்தால் செவிலியர்கள் பேசுவது உள்ளூர்ப் பேச்சாகவே காதில் விழுகிறது.

எனக்கு இதில் முக்கியமாகப் பட்டது வருஷக் கணக்கு. ஆஸ்பத்திரி 1993. இயற்கை விவசாயிகள் சங்கம் 2004. நடுவில் பத்து வருஷத்துக்கு மேல். கடன், உரக்கடை பாக்கி, பூச்சிமருந்தைக் குடித்துவிட்டு வருகிறவர்கள், சாமையும் ராகியும் குறைந்து போன தட்டு என்று வியாதிக்குப் பின்னால் இருப்பதை எல்லாம் பார்த்துப் பார்த்துத்தான் விவசாயிகளோடு உட்கார்ந்து பேச ஆரம்பித்திருக்கிறார்கள். "முதல் பத்து வருஷம் பழகுவோம், அப்புறம் தொழில் பேசுவோம்" என்று ஒரு திட்ட அறிக்கையில் எழுதிப் பாருங்கள், யார் பணம் தருவார்கள்? நாங்கள் எங்கள் ஊரில் பத்து வாரம்கூடப் பேசவில்லை. மெஷின் எந்தக் கம்பெனி என்பதைப் பற்றித்தான் பேசினோம்.

பத்து மணிக்கு மேல் ஒரு மஞ்சள் களம். பெரிய கொப்பரையில் கிழங்கு வெந்துகொண்டிருந்தது. நுரை பொங்கி, வெள்ளையாக ஆவி கிளம்பி, அந்த வாசனை மூக்கில் ஏறி தொண்டையில் உட்கார்ந்துகொள்கிறது. களத்துக்காரப் பெரியவர் விளக்குமாற்றில் இருந்து ஒரு ஈர்க்குச்சியை உருவி, விரல் மாதிரிக் கிளைத்த ஒரு மஞ்சள் விரலியை எடுத்துக் குத்தினார். குச்சி வளையாமல் உள்ளே போனால் பதம். வேகாமல் எடுத்தால் காய்ந்ததும் நொறுங்கும், குழைந்தால் நிறம் கெட்டுவிடும். "நீ குத்திப் பாரு கண்ணு" என்று என்னிடம் கொடுத்தார். என் குச்சி ஒடிந்தது. "கணக்குப்புள்ள கை" என்று சிரித்தார்.

வெந்ததைக் களத்தில் பரப்பி பத்துப் பதினைந்து நாள் காய வைத்து, உருளையில் போட்டு மெருகேற்றுகிறார்கள். நூறு கிலோ பச்சை மஞ்சள் காய்ந்தால் ஏறக்குறைய இருபது கிலோ. இந்த எண்பது கிலோ தண்ணீரோடு சேர்த்து, பச்சையாகவேதான் அவசரத்துக்குப் பணம் தேவைப்படுகிறவன் வியாபாரியிடம் அடிமாட்டு விலைக்குத் தள்ளிவிடுகிறான். காய வைக்கக் களம், அரைக்க மில், அதுவரை வீட்டுச் செலவுக்குக் கொஞ்சம் பணம். சங்கம் என்பது முதலில் இந்த மூன்றும்தான். பிராண்டு, பொட்டலம் எல்லாம் பிறகு. இங்கே "ஸ்வாத்" என்ற பெயரில் பொருட்கள் வெளியே போகின்றன.

இயற்கை விளைச்சலுக்குச் சான்று வாங்க ஒரு வழி, வெளியில் இருந்து ஆய்வாளர் வருவது. செலவு அதிகம். இன்னொன்று பங்கேற்பு உறுதியளிப்பு முறை: விவசாயிகள் குழுவாகச் சேர்ந்து, ஒருவர் வயலை மற்றவர் பார்த்து எழுதிக் கொடுப்பது. அந்தப் பெரியவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "ஆபீசர் வந்தா காபி குடுத்து அனுப்பிடலாம். பக்கத்துக் காட்டுக்காரன் தெனமும் வரப்புல நடக்கறானே, அவன்கிட்ட எப்படிப் பொய் சொல்றது?"

சாயங்காலம் நாலைந்து பேர் உட்கார்ந்து உற்பத்தியாளர் கம்பெனி பற்றிப் பேச்சு. 2002-ல் கம்பெனிச் சட்டத்தைத் திருத்தி உற்பத்தியாளர் கம்பெனி என்ற வகையைக் கொண்டுவந்தார்கள். பத்து உற்பத்தியாளர்கள் சேர்ந்தால் பதிவு செய்யலாம், யார் எவ்வளவு பங்கு வைத்திருந்தாலும் ஆளுக்கு ஒரு ஓட்டு. அருமையான ஏற்பாடு. 2020-க்குப் பிறகு நாடு முழுக்கப் பத்தாயிரம் அமைப்புகள் என்று இலக்கு வைத்து, ஒவ்வொன்றுக்கும் மூன்று வருஷத்துக்கு 18 லட்சம் வரை மத்திய அரசு ஒதுக்கியது. ஆனால் ஆடிட்டர் ஆபீஸில் உட்கார்ந்து பார்க்கிறவளுக்கு வேறொரு காட்சி தெரியும். வருடாந்தரப் படிவத்தைத் தாமதமாகப் போட்டால் ஒவ்வொரு படிவத்துக்கும் நாளுக்கு 100 ரூபாய் தண்டம். ராகி விற்கிற கம்பெனிக்கும் அதே தண்டம், கார் விற்கிற கம்பெனிக்கும் அதே தண்டம். எங்கோ ஒரு மலையில் செயலாளர் பையன் வேலை கிடைத்து பெங்களூரு போய்விட்டால், பாஸ்வேர்டு அவனோடு போய்விடும். மூன்று வருஷம் கழித்து நோட்டீஸ் வரும். இப்படி இரண்டு கம்பெனிகளை எங்கள் ஆபீஸிலேயே பார்த்திருக்கிறேன்.

ரேஷனில் அரிசிக்குப் பதில் இரண்டு கிலோ ராகி வாங்கிக்கொள்ளலாம் என்று 2023-ல் அரசு முதலில் ஆரம்பித்தது தருமபுரியிலும் நீலகிரியிலும்தான். அதைச் சொன்னதும் ஒரு பாட்டி, "எங்க ராகிய எங்களுக்கே குடுக்க இத்தன வருசமா?" என்றார். எழுந்து படுக்கப் போனோம்.

மூன்றாம் நாள்: தண்டா

பள்ளத்தாக்கில் லம்பாடி மக்களின் குடியிருப்புகள், அதாவது தண்டாக்கள், இரண்டு இருக்கின்றன. ஒரு காலத்தில் மாட்டுப் பொதிகளில் உப்பும் தானியமும் ஏற்றி நாடு முழுக்கச் சுற்றியவர்கள்; ரயில் வந்ததும் அந்தத் தொழில் போனது, நின்ற இடமே ஊரானது. கண்ணாடிச் சில்லும் சோழியும் வைத்துத் தைத்த பாவாடை, ரவிக்கை, தலைத்துணி அவர்கள் அடையாளம். காலம் மாறி எல்லாரும் புடவைக்கு வந்த பிறகு தைக்கிற கையும் நின்றுவிட்டது. இரண்டு தலைமுறை யாரும் ஊசியைத் தொடவில்லை.

2006 வாக்கில் மருத்துவர் லலிதா இந்த வேலைப்பாட்டைப் பற்றிக் கேட்டபோது, நினைவில் வைத்திருந்தவர்கள் இரண்டே மூத்த பெண்கள். அவர்களிடம் இருந்து மற்றவர்கள் கற்றுக்கொண்டார்கள். அமைப்பின் பெயர் போர்கை; அவர்கள் மொழியில் பெருமிதம் என்று பொருள். இன்று பல பெண்கள் தைக்கிறார்கள். கர்நாடகத்தில் சாண்டூர் லம்பாணி வேலைப்பாட்டுக்குப் புவிசார் குறியீடே இருக்கிறது. இங்கே தைக்கிறவர்களிடம் கேட்டால் இது வேறு கை, அது வேறு கை என்பார்களாக இருக்கும்.

திண்ணையில் ஒரு அக்கா பக்கத்தில் உட்கார்ந்தேன். துணியில் பென்சில் கோடு கிடையாது, அச்சு கிடையாது. இழையை எண்ணித்தான் தையல். நகத்தால் நாலு இழையைத் தள்ளி, ஐந்தாவதில் ஊசி இறங்குகிறது. கீழே போய், பின்னால் திரும்பி, போன பாதையின் இடைவெளியை நிரப்பிக்கொண்டு வருகிறது. சிவப்பு, மேலே கடுகு மஞ்சள், ஓரத்தில் நீலம். துணியைத் திருப்பிக் காட்டினார். பின்பக்கமும் முன்பக்கம் மாதிரியே இருந்தது. ஒரு முடிச்சு இல்லை. "பின்னாடி அசிங்கமா இருந்தா எங்க அம்மா பிரிச்சுப் போட்டுடும்" என்றார். அவர் அம்மா அல்ல, கற்றுக்கொடுத்த மூத்தவரைத்தான் அம்மா என்கிறார் என்று பிறகு புரிந்தது.

நான் என் புத்தியைக் காட்டினேன். "இந்தத் துண்டுக்கு எவ்வளவு நேரங்கக்கா?"

"மணி பாத்தா தைக்கறோம்? மாடு கறந்து, சோறாக்கி, புள்ளைங்க பள்ளிக்கூடம் போனப்புறம் கொஞ்சம், ராத்திரி கொஞ்சம்."

"ராத்திரின்னா?"

"ரெண்டு சீரியல்."

அப்புறம் பேச்சு சுலபமாகிவிட்டது. ஒரு தலையணை உறை பதினான்கு சீரியல். பைக்கு மூன்று. விளம்பரத்தில் வேகமாகத் தைப்பாராம், கதையில் அழுகை வந்தால் தையல் நிற்குமாம். நான் நோட்டில் சீரியலை அரை மணி நேரமாக மாற்றி, நூல் எடை, துணி நீளம் எல்லாம் போட்டு ஒரு அடக்க விலை வரவழைத்தேன். பக்கத்தில் இருந்த இளம்பெண் எட்டிப் பார்த்து, "பட்டன் விட்டுட்டீங்க, துவைக்கற செலவு விட்டுட்டீங்க, தப்பாப் போன துண்டு விட்டுட்டீங்க" என்றாள். மூன்றும் உண்மை. ஒரு கைவேலைப் பொருள் நகரத்துக் கண்காட்சியில் விலை அதிகம் என்று நாம் முகம் சுளிக்கும்போது விடுபடுகிறவை இவைதான். அடுத்த முறை சுளிப்பதற்கு முன் சீரியல் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும்.

உதவி செய்ய வருகிறவர்களைப் பற்றியும் பேச்சு வந்தது. எந்த ஊர் என்று சொல்லவில்லை, சொந்தக்காரர்கள் தண்டா ஒன்றில் நடந்ததாம்: யாரோ வந்து ஐந்நூறு பை ஒரே மாதத்தில் வேண்டும் என்று ஆர்டர் கொடுத்தார்கள். பெண்கள் மற்ற வேலையை விட்டுவிட்டு ராப்பகலாகத் தைத்தார்கள். அடுத்த வருஷம் அவர்கள் வரவே இல்லை. "வந்தவங்க நல்லவங்கதான். பெரிய ஆர்டருதான் பொல்லாதது" என்றார் அந்த அக்கா. மாதாமாதம் இருபது பை கேட்கிறவர் வேண்டும் என்கிறார். எனக்குத் திருப்பூர்க்காரர் நினைவு வந்தது. அவரும் நல்லவர்தான். பன்னிரண்டு மெஷினுக்கும் அவர் ஒருவரையே நம்பியது என் தப்பு.

கிளம்பும்போது சின்னப் பர்ஸ் ஒன்று வாங்கினேன். பேரம் பேசவில்லை, பேச முகம் இல்லை.

நான்காம் நாள்: பஸ், பஸ், மறுபடி பஸ்

சிட்டிலிங்கியில் இருந்து சேலம், சேலத்தில் இருந்து நாமக்கல், அங்கிருந்து கொல்லிமலை பஸ். எழுத அதிகம் இல்லை. சேலம் சுற்றுவட்டாரத்தில் மரவள்ளிக் கிழங்கு லாரிகள். இந்தப் பக்கத்து ஜவ்வரிசி, ஸ்டார்ச் ஆலைக்காரர்கள் 1981-ல் சேர்ந்து சேகோசர்வ் என்று ஒரு கூட்டுறவுச் சங்கம் வைத்து, சரக்கை ஒரே இடத்தில் ஏலம் விடுகிறார்கள். ஆலைக்காரர்கள் ஒன்றுசேர்ந்தார்கள், கிழங்கு போடுகிறவன் தனித்தனியாகத்தான் லாரிக்குக் காத்திருக்கிறான். நாளைய கதைக்கு இது தேவைப்படும்.

காரவள்ளியில் இருந்து எழுபது கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொன்றுக்கும் எண் எழுதி வைத்திருக்கிறார்கள். இருபத்தி இரண்டு வரை எண்ணினேன். அதற்குமேல் எண்ணுகிற நிலையில் இல்லை. கண்டக்டர் கேட்காமலே ஒரு பாலிதீன் பையும் எலுமிச்சம்பழமும் நீட்டினார். செம்மேட்டில் இறங்கிக் கால் தரையில் நின்றதும் அம்மா போன். "குளிருதா?" குளிர்கிறது. "ஸ்வெட்டர்?" போட்டிருக்கிறேன் என்றேன். கடையில் இருநூற்றைம்பது ரூபாய்க்கு ஒன்று வாங்கி அந்தப் பொய்யை உண்மையாக்கினேன்.

ஐந்தாம் நாள்: கொல்லிமலை, சாமை மில்

வல்வில் ஓரியின் மலை என்று பள்ளிக்கூடத்தில் படித்தது. ஆகாய கங்கைக்குப் போகவில்லை, ஆயிரத்துச் சொச்சம் படி இறங்கி ஏற முழங்கால் ஒத்துக்கொள்ளாது.

ஒரு காலத்தில் இங்கே சாமைதான் சோறு. தினையும் ராகியும் துணைக்கு. சாமையிலேயே எத்தனை வகை: வெள்ளப்பெருஞ்சாமை, கட்டவெட்டிச்சாமை, திருகுலச்சாமை என்று ஒரு ஆயா விரல் மடக்கிக்கொண்டே போனார். மானாவாரி மேட்டுக்கு ஒன்று, சீக்கிரம் விளைவதற்கு ஒன்று, மழை தள்ளினாலும் நிற்பதற்கு ஒன்று. அப்புறம் மரவள்ளி வந்தது. நட்டுவிட்டுப் போனால் போதும், ஒரே தடவையில் கையில் பணம். சரிவுகள் எல்லாம் மரவள்ளி ஆனது. சாமை குறைந்ததற்கு மரவள்ளியை மட்டும் குறை சொல்கிறார்கள். பெண்களைக் கேட்டால் வேறு காரணம் வருகிறது. சாமை உமி அரிசியோடு ஒட்டிக்கொண்டிருக்கும். உரலில் போட்டு, இரண்டு பேர் மாற்றி மாற்றிக் குத்தி, புடைத்து, மறுபடி குத்தி. "ஒரு வேளச் சோத்துக்கு ரெண்டு மணி நேரம் குத்தணும். ரேசன் அரிசி வந்தப்ப எங்க தோளு கும்பிட்டுச்சு" என்றார் ஆயா. பாரம்பரியம் அழிகிறது என்று மேடையில் பேசுகிறவர்கள் யாரும் அந்தத் தோளைப் பற்றிப் பேசிக் கேட்டதில்லை.

எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் தொண்ணூறுகளில் இருந்து இந்த மலையில் சிறுதானியங்களோடு வேலை செய்கிறது. விதை சேமிப்பு, வரிசை விதைப்பு எல்லாம் செய்தார்கள். அவற்றில் எனக்குப் பெரிதாகத் தெரிவது, உமி நீக்கும் சின்ன மெஷின்களை ஊருக்குள் கொண்டுவந்து குழுக்கள் கையில் கொடுத்தது. தோள் வலி போனால்தான் சாமை திரும்பி வரும்.

அப்படி ஒரு மில்லைத்தான் பார்க்கப் போனேன். ஓட்டுக் கட்டடம், ஒரு மோட்டார், ஒரு உமி நீக்கி, ஒரு சல்லடை. உள்ளே போனதும் தும்மல். உமித்தூசி சன்னல் வெளிச்சத்தில் மிதக்கிறது. பொறுப்பில் இருந்த அக்கா தலைக்குத் துண்டு கட்டியிருந்தார். நூறு கிலோ சாமை போட்டால் அறுபது கிலோவுக்குக் கொஞ்சம் மேலே அரிசி. அதிகம் வெள்ளையாக்கினால் எடை குறையும், தவிடு போய்விடும். தவிட்டோடு விட்டால் சீக்கிரம் சிக்கு வாடை வரும். நகரத்துக்காரர்களுக்குச் சத்தும் வேண்டும், ஆறு மாதம் கெடாமலும் இருக்க வேண்டும். "ரெண்டும் வேணும்னா சாமையாவே வாங்கி வெச்சு அப்பப்பக் குத்திக்கச் சொல்லுங்க" என்றார்.

நோட்டைக் கேட்டேன். தயங்கி எடுத்துக் கொடுத்தார். கட்டம் போடாத நாற்பது பக்க நோட்டு. இடது பக்கம் பெயர். எழுதத் தெரியாத காலத்தில் ஆரம்பித்ததால் சிலருக்குப் பெயருக்குப் பதில் படம். ஒரு வீட்டுக்குப் பலாமரம், ஒரு வீட்டுக்கு இரட்டைக் கொம்பு மாடு. வலது பக்கம் எத்தனை வள்ளம் (தானியம் அளக்கும் படி மாதிரி) என்ற கணக்கு, கோடு கோடாக. ஐந்தாவது கோடு குறுக்கே. நான் சும்மா கூட்டிப் பார்த்தேன். சரியாக இருந்தது.

அலமாரியில் மூன்று ஹார்லிக்ஸ் டப்பா. முதல் டப்பா கரண்ட் பில். இரண்டாவது மெஷின் ஓட்டுகிறவர் கூலி. மூன்றாவதில் பசை போட்டு ஒட்டிய தாளில் "பெல்ட்" என்று எழுதியிருந்தது. அரைக்கிற ஒவ்வொரு மூட்டைக்கும் கொஞ்சம் அதில் போய்விடும். பெல்ட் அறுந்தால், பேரிங் போனால், அதில் இருந்துதான். "யார்கிட்டயும் போய் நிக்கக் கூடாதில்ல" என்றார்.

கணக்கு எழுதுகிறவர்கள் இதைத் தேய்மானம் என்போம். பதினோரு வருஷமாக ஆயிரம் பேலன்ஸ் ஷீட்டில் தேய்மானம் எழுதியிருக்கிறேன், எல்லாம் காகிதத்தில். ஒரு டப்பாவாக, கையில் தூக்கிப் பார்க்கும்படி, குலுக்கினால் சில்லறை சத்தம் கேட்கும்படி இன்றுதான் பார்த்தேன். எங்கள் தையல் ஷெட்டில் ஊசி ஒடிந்தால் எனக்குப் போன் வரும். நான் ஜிபேயில் பணம் அனுப்புவேன். அனுப்பும்போது பெருமையாகவும் இருந்தது, அதையும் சொல்லிவிட வேண்டும்.

மதியம் ஆயா வீட்டில் சாமைச் சோறு, கீரைக் கடைசல். தொம்பையைத் திறந்து காட்டினார்கள். மூங்கிலில் பின்னி மண் பூசிய குதிர் மாதிரி, உள்ளே அடுத்த வருஷ விதை. 2022 ஜூலையில் இருந்து தானியத்தை 25 கிலோவுக்குள் பொட்டலம் கட்டி லேபிள் ஒட்டி விற்றால் 5 சதவீதம் ஜிஎஸ்டி என்று நான் விளக்கினேன். "தொம்பைக்கு?" என்று கேட்டார் ஆயா. தொம்பைக்கு இல்லை.

ஆறாம் நாள்: ஊர்

மலையிறங்கி, நேராக ஈரோடு போகாமல் எங்கள் ஊருக்குப் போனேன். அம்மாவுக்கு ஆச்சரியம். புது ஸ்வெட்டரைப் பார்த்தாள், ஒன்றும் கேட்கவில்லை. சாப்பிட்டதும் கைப்பையில் இருந்து சாவியை எடுத்துக்கொண்டு ஷெட்டுக்குக் கிளம்பினேன். "இப்ப எதுக்கு அங்க, வெயில்ல" என்று அம்மா தடுத்தாள். தடுத்த விதம் கொஞ்சம் வித்தியாசமாக இருந்தது.

பூட்டு துருப்பிடித்திருக்கும் என்று தேங்காய் எண்ணெய் கொண்டுபோனேன். ஒரே திருப்பில் திறந்தது. உள்ளே தூசி, எலிப் புழுக்கை, உறை போட்ட மெஷின்கள். எண்ணினேன். பதினொன்று.

திரும்பி வந்து அம்மாவைப் பார்த்தேன். அம்மா துவரம்பருப்பில் கல் பொறுக்கிக்கொண்டே, "இன்னொரு சாவி என்கிட்ட இருந்துச்சு" என்றாள். மூன்று வருஷத்துக்கு முன்னால், மேலத் தெரு அக்கா ஒருவர், வீட்டுக்காரர் தவறிப்போன பிறகு, வந்து கேட்டிருக்கிறார். அம்மா கொடுத்துவிட்டாள். "உன்கிட்டக் கேட்டா மீட்டிங் போடணும்பே."

அந்த அக்கா வீட்டுக்கு நடந்தேன், அம்மாவும் பின்னாலேயே வந்தாள். வாசல் திண்ணையில் மெஷின். ரவிக்கை, ஃபால்ஸ், பள்ளிக்கூட யூனிபார்ம், கிழிந்த கைலி. என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். "மெஷின நல்லா வெச்சிருக்கேன் பாப்பா. ரெண்டு தடவ பெல்ட் மாத்திட்டேன், மோட்டாரு புதுசு" என்று அவசரமாகச் சொன்னார், நான் பறித்துக்கொண்டு போக வந்தவள் மாதிரி. உட்காருங்கக்கா என்றேன். யார் பணத்தில் பெல்ட் மாற்றினீர்கள் என்று கேட்டதற்கு முகம் சுருங்கியது. "என் காசுலதான்."

நோட்டு இருக்கிறதா என்று கேட்டேன். போன வருஷத்து டைரி ஒன்றைக் கொண்டுவந்தார். பெயர், துணி, வாங்கிய தேதி, கொடுத்த தேதி, பணம். பணம் வந்த வரிகளுக்குக் குறுக்கே ஒரு கோடு. வராதவை அப்படியே நின்றன. கூட்டிக்கொண்டே பக்கத்தைப் புரட்டினேன். தை மாதப் பக்கத்தில், கோடு விழாத வரிகளில் மூன்றாவதாக எங்கள் அம்மாவின் பெயர். ரெண்டு ரவிக்கை, லைனிங் வைத்தது, முந்நூறு ரூபாய்.

நான் நிமிர்ந்து பார்த்தேன். அம்மா அதற்குள் பணம் எடுத்து வர வீட்டுக்குக் கிளம்பியிருந்தாள்.